மூன்று ஒன்பதுகள் பிறந்த கதை

போன வருஷம் ஒரு ராத்திரி, என் மாமியாருக்குத் திடீரென்று மூச்சுத் திணறல். "108-க்குப் போன் போடும்மா!" என்று மகள் கத்தினாள். போட்டேன், உடனே எடுத்தார்கள். "எந்தத் தெரு? பக்கத்துல என்ன அடையாளம்?" என்று கேட்டதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இருபது வருஷமாகக் குடியிருக்கும் வீட்டின் விலாசம் வாயில் வரவில்லை! மகள்தான் போனைப் பிடுங்கிச் சொன்னாள். நல்லவேளை, அத்தை பிழைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் இந்த அவசர எண் எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். அதன் பின்னால் ஐந்து பெண்களின் சாவு இருக்கிறது, சகோதரிகளே.

1935 நவம்பர் 10. லண்டன் விம்போல் தெருவில் ஒரு டாக்டர் வீட்டில் தீ. எதிரில் குடியிருந்தவர் பார்த்துவிட்டு டெலிபோனில் 0 சுழற்றினார். சாதாரண அழைப்புகளும் அதே எண்ணுக்குத்தான் போகும். அதனால் அவரும் வரிசையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. உள்ளே ஐந்து பெண்கள் இறந்துபோனார்கள். மனம் கொதித்த அவர் 'டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அரசாங்கம் குழு அமைத்தது. 1937 ஜூன் 30-இல் லண்டனில் 999 வந்தது. அந்த எண்ணைச் சுழற்றினால் எக்ஸ்சேஞ்சில் சிவப்பு விளக்கு எரியும், பஸ்ஸர் அலறும்.

ஏன் 999? 111 என்றால், கம்பிகள் ஒன்றோடொன்று உரசினாலே தப்பு அழைப்பு போய்விடும். 9 அப்படியல்ல. டயலின் தடுப்பை ஒட்டி 0, அதற்கடுத்த துளை 9. புகையிலும் இருட்டிலும் விரலால் தடவியே கண்டுபிடித்துவிடலாம்!

அடுத்த மாதமே ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு வீட்டில் திருடன். கணவர் சத்தம் கேட்டு எழ, மனைவி 999 சுழற்றினார். சில நிமிஷத்தில் ஆள் பிடிபட்டான். 1976-க்குள் பிரிட்டன் முழுவதும் இந்த எண் பரவிவிட்டது.

நம் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008-இல் வந்தது. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் பொதுவான 112, 2018-இல் இமாசலப் பிரதேசத்தில் தொடங்கிப் பிற மாநிலங்களுக்கும் வந்தது.

ஆனால் எண் மட்டும் தெரிந்தால் போதாது என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. இப்போது எங்கள் சமையலறைச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில், விலாசமும் அடையாளமும் கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறது. உங்கள் பிள்ளைகளுக்கும் விலாசத்தை மனப்பாடம் செய்து வையுங்கள். அவர்கள் சொல்லும்வரை போனை வைத்துவிடாதீர்கள். இன்றைக்கே ஒரு தாளை எடுத்து எழுதிவிடுங்களேன்!