எந்த ஜில்லா, பாட்டி?

சதுரகிரி மலைக்குப் போய் வந்தவர்களுக்கு வத்திராயிருப்பு தெரிந்திருக்கும். அதன் பக்கத்து ஊர்தான் வ. புதுப்பட்டி. தமிழ்நாட்டில் புதுப்பட்டிகளுக்குப் பஞ்சமா என்ன! "நான் இந்தப் புதுப்பட்டியாக்கும்" என்று சொல்லிக்கொள்ள, வத்திராயிருப்பின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போட்டுக்கொண்டிருக்கிறது.

அந்த ஊரில் 1905-ல் பிறந்து, உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டு, தொண்ணூறு தாண்டியும் திடமாக இருந்த ஒரு பாட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பிறந்தபோது அவள் திருநெல்வேலி ஜில்லாக்காரி. 1910-ல் ராமநாதபுரம் ஜில்லாவை உண்டாக்கினார்கள். ஐந்து வயதில் அவள் ராமநாதபுரத்துக்காரி ஆனாள். வேடிக்கை என்னவென்றால், அந்த ஜில்லாவின் கலெக்டர் ஆபீஸ் இருந்தது மதுரையில்! சொந்தக் கலெக்டரிடம் மனுக் கொடுக்க அடுத்த ஜில்லாவுக்குப் பஸ் ஏற வேண்டும். 1985-ல் அதையும் பிரித்துக் காமராஜர் மாவட்டம் என்றார்கள். 1997-ல் அதுவே விருதுநகர் மாவட்டம் ஆயிற்று. இத்தனைக்கும் பாட்டி தன் வீட்டு அம்மியைக்கூட இடம் மாற்றியிருக்கமாட்டாள்.

ஜில்லா மாறினால் என்ன, விலாசத்தில் ஒரு வரி மாறும், அவ்வளவுதானே என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் ஊருக்கு மேற்கே சுவர் மாதிரி நிற்கிறதே மலை, அதன்மேல் ஓடும் கோடுகள் அவ்வளவு சாதுவானவை அல்ல.

அந்த மலைக்காட்டில் தலைமுறை தலைமுறையாகத் தேன் எடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்தவர்கள் பளியர்கள். உச்சிக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளம். இரு பக்கமும் பளியர்கள் உண்டு. ஆனால் மாநில எல்லையைவிடக் காட்டின் எல்லைதான் அவர்களை அதிகம் நெருக்கியது. 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயம். 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். அணிலும் புலியும் பிழைக்கட்டும், யார் வேண்டாமென்றார்கள்? ஆனால் பாட்டன் தேன் எடுத்த பாறைக்குப் பேரன் போக வேண்டுமானால் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. காட்டில் வாழ்கிறவர்களின் உரிமையை ஒப்புக்கொள்ளும் சட்டம் 2006-ல்தான் வந்தது.

இதே மலையோரமாகத் தெற்கே, ராஜபாளையம், தென்காசி எல்லாம் தாண்டிப் போனால் செங்கோட்டை. தமிழ் பேசும் ஊர். ஆனால் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. அந்தச் சமஸ்தானத்துக்கென்று தனி நாணயம், ரூபாய்க்கு 28 சக்கரம். தபாலும் தனி, அதற்கு 'அஞ்சல்' என்றே பெயர். தென்காசியில் பெண் எடுத்த வீட்டில் மாமியாருக்கு ஒரு காசு, மருமகளுக்கு ஒரு காசு! 1911-ல் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன்கூடச் செங்கோட்டைக்காரர்தான். அதாவது, திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரஜை. 1956 நவம்பர் 1-ந் தேதி செங்கோட்டை தாலுகா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. அதிலும் ஒரு துண்டு கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஊர் வாயிலில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை தாங்கிய வளைவை இன்றும் பார்க்கலாம்.

பாஷையை வைத்துக் கோடு கிழிப்பது சுலபம் என்று நினைக்காதீர்கள். ராஜபாளையத்தில் ராஜுக்கள் வீட்டுக்குப் போனால் சமையலறையில் தெலுங்கு கேட்கும். அதனால் அவர்கள் அந்த ஊர்க்காரர்கள் இல்லை என்று ஆகிவிடுமா?

வடக்கே, தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில்தான் இந்தக் கேள்வி வலித்தது. அங்கே தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்துத் தமிழர்கள். ஆனால் 1955-ல் அறிக்கை கொடுத்த ராஜ்யச் சீரமைப்புக் கமிஷன், இவர்களில் பலர் வந்து போகிறவர்கள், நிலையான குடிகள் அல்ல என்று கருதியது. இரண்டு தாலுகாவும் கேரளத்துக்குப் போயின. குளமும் மேடும் இந்தியாவுக்குள்ளேதானே இருக்கின்றன என்று அப்போதைய முதல் மந்திரி காமராஜர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அதை மெச்சுகிறவர்களும் உண்டு, இன்றுவரை மன்னிக்காதவர்களும் உண்டு.

வந்து போகிறவர்களாம்! மூணாறு லயங்களில் பிறந்து, அங்கேயே பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்கும் கல்யாணம் செய்து வைத்த பெண்களை வேறு என்னவென்று சொல்வது? சொந்த ஊரில் அவர்கள் 'மலைக்காரர்கள்', மலையில் 'பாண்டிக்காரர்கள்'. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் மாண்டபோது, கயத்தாறு பக்கத்துக் கிராமங்களில் ஒப்பாரி எழுந்தது.

அதற்கு ஐந்து வருஷம் முன்பு, 2015 செப்டம்பரில், இதே மூணாற்றில் ஆயிரக்கணக்கான பெண்கள் 20 சதவிகிதம் போனஸ் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்கள் வந்தார்கள். 'உங்கள் தயவு வேண்டாம்' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒன்பது நாள் போராடிக் கேட்ட தொகையை வாங்கினார்கள். தங்கள் கூட்டத்துக்கு அவர்கள் சூட்டிய பெயர்தான் அருமை: 'பொம்பிளை ஒருமை'. முதல் சொல் நம் வீட்டுத் தமிழ். இரண்டாவதற்கு நம் பள்ளி இலக்கணத்தில் 'ஒன்று' என்று பொருள். மலையாளத்தில் 'ஒரும' என்றால் ஒற்றுமை.