பிரசவத்தோடு மறையும் நீரிழிவு: தாய்மார் அறிய வேண்டியவை

கர்ப்பகாலத்தில் நீரிழிவு கண்ட தாய்மாருக்குக் குழந்தை பிறந்ததும் இரத்தத்திலுள்ள சீனியின் அளவு பெரும்பாலும் இயல்பு நிலைக்குத் திரும்பிவிடுகிறது. "சலரோகம் போய்விட்டது" என நாமும் ஆறுதலடைந்து விடுகிறோம். ஆயினும் ஆபத்து அத்துடன் நீங்கிவிடுவதில்லை. இத்தாய்மாருக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு ஏனைய தாய்மாரைவிட ஏழு மடங்குக்கும் அதிகம் என 2009 இல் லான்செற் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு கணித்தது.

நோய் முற்றுமுன் இடைநிலையொன்று உண்டு. வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்திற் சீனி 100 முதல் 125 மில்லிகிராம் வரை, ஐரோப்பியக் கணக்கில் 5.6 முதல் 6.9 மில்லிமோல் வரை இருப்பின், அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அதனை நீரிழிவுக்கு முந்திய நிலை என்கிறது. பெரும்பாலும் எவ்வித அறிகுறியும் தோன்றாது. பரிசோதனையே அதனைக் காட்டும். பிரசவத்தின் பின் 6 முதல் 12 வாரங்களுக்குள் ஒருமுறையும், பின்னர் வைத்தியர் கூறும் ஒழுங்கிலும் இதனைச் செய்துகொள்ளல் வேண்டும்.

எம்மவர் பலர் முகாம் விட்டு முகாமும் நகர் விட்டு நகரும் மாறுகின்றனர். மருத்துவக் கோவையோ பழைய இடத்திலேயே தங்கிவிடுவதுண்டு. எனவே, "எனக்குக் கர்ப்பகாலத்தில் நீரிழிவு இருந்தது" என்பதைப் புதிய வைத்தியரிடம் நாமே கூற வேண்டும். மொழி தெரியாவிடின் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கத் தயங்கலாகாது.

உணவில், எமது சமையலைக் கைவிட வேண்டியதில்லை. அளவை மாற்றினாற் போதும். தட்டில் பாதி கீரையும் மரக்கறியும், காற்பங்கு மீன் அல்லது பருப்பு, எஞ்சிய காற்பங்கே சோறு அல்லது இடியப்பம் என அமையட்டும். குரக்கன் புட்டை எவ்வளவும் உண்ணலாம் என்பது தவறு, அதுவும் மாப்பொருளே. இரண்டு தேக்கரண்டி சீனியிட்டு நாளொன்றுக்கு நான்கு கோப்பை தேநீர் அருந்துபவர், அதனால் மட்டுமே 30 கிராமுக்கு மேல் சீனி உட்கொள்கிறார்.

அமெரிக்காவில் நீரிழிவுக்கு முந்திய நிலையிலிருந்தோர் உடல் நிறையில் 7 வீதத்தைக் குறைக்கவும், வாரம் 150 நிமிடம் நடத்தல் போன்ற பயிற்சி செய்யவும் முயன்றனர். அவர்களிடையே புதிதாக நீரிழிவு ஏற்படுவது 58 வீதம் குறைந்ததாக 2002 இல் அறிவிக்கப்பட்டது. முன்னர் கர்ப்பகால நீரிழிவு கண்ட பெண்களிடையேயும் அது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. குழந்தையைத் தள்ளுவண்டியில் இருத்தி நாளொன்றுக்கு அரைமணி நேரம், வாரத்தில் ஐந்து நாட்கள் விரைந்து நடந்தால் இந்த 150 நிமிடமும் நிறைவாகும்.

இவை தாய்க்கு மட்டும் வைக்கும் பத்தியமாகிவிடக் கூடாது. கணவரும் பிள்ளைகளும் அதே உணவை உண்டு, தாய் நடக்கச் செல்லும் வேளையில் வீட்டுவேலையைப் பகிர்ந்துகொள்வார்களாயின், இம்மாற்றம் நிலைக்கும்.