ஒட்டியிருப்பதெல்லாம் உறிஞ்சுவதில்லை!



மாமரத்தில் புல்லுருவி தொங்குவதைப் பார்த்திருப்பீங்க. அது ஒட்டுண்ணி. உறிஞ்சு வேரைக் கிளைக்குள் இறக்கி, மரத்தின் தண்ணீரையும் தாது உப்பையும் எடுத்துக்கொள்ளும். வாண்டா ஆர்க்கிட் மரத்தில் இடம் மட்டும்தான் கேட்கும். காற்றின் ஈரத்தைத் தன் வேரால் இழுத்துக்கொள்ளும். இது தொற்றுத் தாவரம்.

கடலுக்குள்ளும் இப்படி உண்டு! கடற்பாசிக்கு வேர் கிடையாது. சத்தை உடம்பு முழுவதாலும் உறிஞ்சும். பாறையில் இடம் இல்லாவிட்டால் சிறிய பாசி பெரிய பாசி மேல் ஏறிக்கொள்ளும். பெரும்பாலும் சாப்பாட்டைத் திருடாது. ஆனால் அதிகமானால் வெயிலை மறைத்துவிடும்.

இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் பெண்கள் மூங்கில் மிதவையில் 'கப்பாஃபைகஸ்' பாசி வளர்க்கிறார்கள். சுமார் 45 நாளில் அறுவடை. அதில் வேறு பாசி ஏறினால் வளர்ச்சி குறையும், வருமானமும் குறையும். அதனால கையாலேயே பிடுங்கிச் சுத்தம் செய்யணும்.

வட அட்லாண்டிக் கடலில் உள்ள 'அஸ்கோஃபில்லம்' பாசி தன் மேல்தோலை உரித்து, ஏறியவர்களை உதறிவிடுமாம்!

நம்ம மாமரத்துக்கு அந்த வித்தை தெரியாது. புல்லுருவிப் பழத்தைத் தின்னும் பறவை, பசையுள்ள விதையை அடுத்த கிளையில் ஒட்டிவிடும். எனவே பழம் வருமுன்பே கிளையோடு வெட்டச் சொல்லுங்க. வாண்டாவை மட்டும் விட்டுடுங்க, பாவம்!

– 9-ஆம் வகுப்பு மாணவி