அட்டைத்துண்டுக்கு ஏன் கோடி விலை? பேஸ்போல் அட்டை வியாபாரத்தில் நாம் கற்க வேண்டியவை

2022 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அமெரிக்காவில் இரண்டு அட்டைத்துண்டுகள் விற்பனையாகின. ஹோனஸ் வாக்னர் என்ற பழைய பேஸ்போல் வீரரின் படம் போட்ட ஒன்று 72 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்குப் போனது. அதே மாதம் மிக்கி மான்டில் என்ற வீரரின் 1952 ஆம் ஆண்டு அட்டை ஏலத்தில் 1 கோடி 26 இலட்சம் டொலரைத் தொட்டது. முதலாவது சிகரட் பெட்டிக்குள் இலவசமாக வந்த சாமான். இரண்டாவது சிறுவர்கள் ஒரு சில சதத்துக்கு வாங்கிய சுவிங்கம் பக்கற்றுக்குள் இருந்தது.

நான் முப்பது வருடங்களுக்கு மேலாகக் கடதாசி, அட்டை, காரியாலய உபகரண வியாபாரம் செய்பவன். பிரிஸ்டல் போர்ட் ஒரு தாளின் விலையும், அதில் எத்தனை துண்டு வெட்டலாம் என்பதும், அச்சடிக்க என்ன செலவாகும் என்பதும் எனக்கு மனப்பாடம். அந்தக் கணக்கில் பார்த்தால் இந்த அட்டைகளின் அடக்கவிலை ஒன்றுமேயில்லை. அப்படியானால் விலை எங்கிருந்து வந்தது? வியாபாரிகளாகிய நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

இந்தக் கேள்வி எனக்கு வெறும் வேடிக்கையாக வரவில்லை. என் ராத்தாவின் மகன் 1998 இல் அமெரிக்கா சென்று நியூ ஜேர்சியில் குடியேறியவர். அங்குள்ள களஞ்சியமொன்றில் வேலை செய்கிறார். கிரிக்கெட் பைத்தியமாக இங்கிருந்து போனவர், அங்கே வேலைத்தள நண்பர்களுடன் சேர்ந்து பேஸ்போல் பார்க்கத் தொடங்கி, அட்டை சேகரிக்கவும் ஆரம்பித்துவிட்டார். 2021 ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் எனக்குத் தொலைபேசி எடுத்து, மகளின் பல்கலைக்கழகப் படிப்புக்காகச் சேர்த்த பணத்தை அட்டையில் போடப் போவதாகவும், நானும் பங்கு சேர வேண்டுமென்றும் கேட்டார். மறுநாளே ராத்தா அழைத்து, "நீ சொன்னால்தான் அவன் கேட்பான்" என்றார். ஆகவே உட்கார்ந்து படித்தேன். படித்ததை வாசகர்களுக்கும் சொல்கின்றேன்.

சிகரட்டுக்குள் பிறந்த அட்டை

1880களில் அமெரிக்க சிகரட் கம்பனிகள் பெட்டி நசுங்காமல் இருக்க உள்ளே ஓர் அட்டையை வைத்தன. வெறும் அட்டையை வைப்பதை விட அதில் ஒரு படத்தைப் போட்டால் வாங்குபவர் அதே சிகரட்டைத் திரும்பவும் கேட்பார் என்பதைக் கண்டுகொண்டார்கள். நடிகைகள், பறவைகள், கொடிகள் என்று பல படங்கள் வந்தன. அவற்றில் பேஸ்போல் வீரர்களின் படத்துக்கே அதிக வரவேற்பு.

1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பனி வெளியிட்ட தொடரை இன்று டி206 என்று அழைக்கின்றார்கள். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் பெரும் வீரரான வாக்னரின் அட்டை இத்தொடரில் சிறிது காலம் மட்டுமே அச்சாகி நின்றுபோனது. சிறுவர்கள் தன் படத்துக்காகப் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்று ஒரு சாரார் சொல்கின்றனர். படத்தைப் போடுவதற்குப் பணம் கேட்டார் என்பது மறுசாரார் கருத்து. காரணம் எதுவாயினும், அறியப்பட்டவை இன்று சுமார் 60 தான்.

அதற்குப் பிறகு சுவிங்கம் கம்பனிகள் களத்தில் இறங்கின. இங்கே ஒரு வியாபாரத் தந்திரத்தைச் சொல்ல வேண்டும. 1933 இல் கௌடி என்ற கம்பனி 240 இலக்கங்கள் கொண்ட தொடரொன்றை வெளியிட்டது. சிறுவர்கள் எவ்வளவு வாங்கியும் 106 ஆம் இலக்கம் மட்டும் கிடைக்கவில்லை. காரணம், அந்த இலக்கத்தை அவர்கள் அச்சிடவேயில்லை! தொடரைப் பூர்த்தியாக்கும் ஆசையில் பிள்ளைகள் வாங்கிக்கொண்டே இருக்கட்டும் என்பதே நோக்கம். முறைப்பாட்டுக் கடிதங்கள் குவிந்த பிறகு, 1934 இல் நப் லஜோய் என்ற பழைய வீரரின் படத்துடன் 106 ஆம் அட்டையை அச்சிட்டு, கடிதம் எழுதியவர்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். கேட்டு எழுதியவர்களுக்கு மட்டுமே கிடைத்ததால் இன்று அதுவும் மிக விலை உயர்ந்த அட்டை.

கடலில் கொட்டிய சரக்கு

புரூக்ளினில் இயங்கிய டொப்ஸ் என்ற சுவிங்கம் கம்பனி 1952 இல் 407 அட்டைகள் கொண்ட பெரிய தொடரை வெளியிட்டது. சை பேர்கர் என்ற ஊழியரே இதை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர். முன்பக்கம் வர்ணப்படமும் வீரரின் கையொப்பமும், பின்பக்கம் அவரது ஓட்டக் கணக்கும் வாழ்க்கைக் குறிப்பும். இன்று வரை பேஸ்போல் அட்டையின் அமைப்பு இதுதான்.

ஆனால் தொடரின் கடைசிப் பகுதி கடைக்கு வந்தபோது பருவம் முடியும் காலம். பிள்ளைகளின் கவனம் வேறு விளையாட்டுக்குப் போய்விட்டது. சரக்கு தேங்கியது. பல வருடங்கள் களஞ்சியத்தில் கிடந்த பெட்டிகளை 1960 இல் படகில் ஏற்றி அத்திலாந்திக் கடலில் கொட்டியதாகப் பேர்கரே பின்னாளில் கூறியிருக்கின்றார். அந்தப் பகுதியில்தான் மான்டிலின் 311 ஆம் இலக்க அட்டையும் இருந்தது. 'செத்த சரக்கு' வைத்திருந்த எந்த வியாபாரிக்கும் அந்த முடிவு விளங்கும். இடத்துக்கு வாடகை ஓடுகின்றது, கேட்பதற்கு ஆளில்லை, என்ன செய்வது?

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. அப்பகுதியின் ஏனைய பெரும்பாலான அட்டைகளை விட மான்டிலின் அட்டை இரு மடங்கு அச்சிடப்பட்டது. அவருடைய முதல் அட்டையும் அதுவல்ல. 1951 இல் போமன் கம்பனி வெளியிட்டதே முதலாவது. எனினும் அதை விட இதற்கே விலை. ஆக, அரிதாக இருப்பது மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை. நியூயோர்க் யாங்கீஸ் அணிக்கு 18 பருவங்கள் ஆடி, 536 ஹோம் ரன் அடித்த நாயகன் அவர். (ஹோம் ரன் என்பதை நம் சிக்ஸரைப் போல் எண்ணிக்கொள்ளுங்கள்.) அவரைப் பார்த்து வளர்ந்த சிறுவர்கள் நாற்பது வயதில் கையில் காசு வந்தபோது அந்தப் பால்ய காலத்தை வாங்க வந்தார்கள். அதற்கிடையில் பழைய அட்டைகளில் பெரும்பகுதி சைக்கிள் சக்கரக் கம்பியில் சொருகப்பட்டும், வீடு துப்பரவு செய்த தாய்மாரால் வீசப்பட்டும் அழிந்திருந்தது.

எல்லோரும் சேர்த்தால் யாருக்கு விற்பது?

1980 இல் அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்பொன்று டொப்ஸின் ஏகபோகத்தை உடைத்தது. 1981 இல் பிளீர், டொன்ரஸ் என்ற கம்பனிகளும் அட்டை வெளியிட்டன. 1989 இல் வந்த அப்பர் டெக், நல்ல கடதாசியும் ஹொலோகிராமும் போட்டு, கென் கிரிபி ஜூனியர் என்ற 19 வயது இளைஞரைத் தன் முதலாம் இலக்க அட்டையாக்கியது. பழைய அட்டைகள் ஆயிரக்கணக்கில் விலைபோகும் செய்தியைப் படித்த மக்கள், பிள்ளைகளின் கல்விக்கு முதலீடென்று பெட்டி பெட்டியாக வாங்கிப் பிரிக்காமலே அடுக்கினார்கள். கம்பனிகள் இரவு பகலாக அச்சடித்தன.

விளைவு என்ன? யாரும் வீசவில்லை, எல்லோரும் பாதுகாத்தார்கள். 1994 இல் வீரர்களின் வேலைநிறுத்தத்தால் உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டியே ரத்தாக, ரசிகர்கள் வெறுத்துப் போனார்கள். சந்தை விழுந்தது. அக்காலத்து அட்டைகளைச் சேகரிப்பாளர்கள் இன்று 'குப்பை மெழுகுக் காலம்' என்கின்றனர். பக்கற்றின் மெழுகுத்தாளை வைத்து வந்த பெயர். முப்பது வருடம் பத்திரப்படுத்திய பெட்டியை இன்று வாங்கிய விலைக்கே கொடுக்கத் திண்டாடுபவர்கள் ஏராளம்.

ஒரு பொருள் பிற்காலத்தில் அரிதாகும் என்று எல்லோரும் நம்பிச் சேர்த்தால் அது ஒருபோதும் அரிதாகாது. காணி, தங்கம், வாகனம் என்று எதிலும் ஊரே ஓடும்போது இதை நினைவில் வையுங்கள்.

இப்போது கம்பனிகள் அரிதையே உற்பத்தி செய்கின்றன. உலகில் ஒன்றே ஒன்று என்று அச்சடித்து ஏதோவொரு பக்கற்றுக்குள் போடுகின்றார்கள். 2024 இறுதியில் 11 வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் போல் ஸ்கீன்ஸ் என்ற பந்து எறியும் வீரரின் அத்தகைய அட்டை கிடைத்தது. அதற்குப் பதிலாக 30 வருடங்களுக்குப் பருவ நுழைவுச்சீட்டுத் தருவதாக பைரேட்ஸ் அணியே முன்வந்தது. அட்டை 2025 மார்ச்சில் 11 இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போனது. அந்தச் செய்தியைக் கேட்டு எத்தனை பேர் எத்தனை பக்கற்றுகளை வாங்கி ஏமாந்திருப்பார்கள்? உள்ளே என்ன இருக்கின்றதென்று தெரியாமல், பெரிய பரிசை நினைத்துப் பணம் கொடுக்கும் கொடுக்கல் வாங்கலைப் பற்றி எமது மார்க்கம் சொல்வதை வாசகர்கள் அறிவீர்கள்.

ஓரம் வெட்டிய அட்டை

ஒரே அட்டை, மூலை மடிந்திருந்தால் ஒரு விலை, கூராக இருந்தால் நூறு மடங்கு விலை. எனவே 1991 இல் பிஎஸ்ஏ என்ற நிறுவனம் அட்டைகளைப் பரிசோதித்து, பத்துக்குப் புள்ளி போட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துக் கொடுக்கும் தொழிலை ஆரம்பித்தது. இதைப் போன்ற வேறு நிறுவனங்களும் வந்தன.

பிஎஸ்ஏ முதன்முதலாகப் புள்ளியிட்டது ஒரு வாக்னர் அட்டைக்கே. பனி ஹொக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவரது பங்காளியும் 1991 இல் 4 இலட்சத்து 51 ஆயிரம் டொலருக்கு வாங்கிய அட்டை அது. பத்துக்கு எட்டுப் புள்ளி. 2007 இல் 28 இலட்சம் டொலருக்குக் கைமாறியது. 2013 இல் பில் மாஸ்ட்ரோ என்ற பிரபல ஏல வியாபாரி, வேறு மோசடிகளுடன் சேர்த்து, அந்த அட்டையின் பக்க ஓரங்களைத் தானே வெட்டிச் சீர்செய்ததாக நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 2015 இல் அவருக்கு 20 மாதச் சிறை. கட்டிங் மெஷினோடு காலம் கழித்த எனக்கு இதில் ஆச்சரியமில்லை. ஒரு நூலளவு சீவினால் பழைய அட்டையும் புதுசாகும். அந்த நூலளவை மறைத்து விற்பதுதான் மோசடி. சரக்கின் குறையைச் சொல்லாமல் விற்றவர் சந்தையின் உச்சியில் இருந்தாலும் பெயர் ஒருநாள் போய்விடும்.

ரசிகனும் வியாபாரியும்

மருமகனின் ஆசை வீரர் டெரிக் ஜீட்டர். 20 பருவங்களும் யாங்கீஸ் அணிக்கே ஆடி, 2014 இல் ஓய்வு பெற்றார். 3,465 ஹிட். 2020 இல் 397 வாக்குகளில் 396 ஐப் பெற்றுப் புகழ் மண்டபத்துக்குத் தெரிவானவர். மருமகன் 1998 முதல் ஆண்டுக்கொரு ஜீட்டர் அட்டை வாங்கி அல்பத்தில் வைத்திருக்கின்றார். பின்பக்கத்தில் ஒவ்வொரு வருடமும் கணக்கு ஒரு வரி கூடுகின்றது. "மாமா, இதைப் புரட்டினால் நான் இந்த நாட்டில் பட்டது முழுக்கத் தெரியும்" என்றார். 17 அட்டைகளும் சேர்ந்து பெரிய விலை போகாது. அதைப் பற்றி அவருக்குக் கவலையுமில்லை.

அவர் அங்கு போன அதே 1998 இல் மார்க் மக்வயர் ஒரே பருவத்தில் 70 ஹோம் ரன் அடித்துப் பழைய சாதனையை முறித்தார். அவரது அட்டைகளின் விலை ஆகாயத்துக்குப் போனது. ஊக்கமருந்து பாவித்ததை 2010 இல் அவரே ஒப்புக்கொண்டார். சந்தேகம் எழுந்த நாளிலேயே விலை இறங்கத் தொடங்கிவிட்டது. மறுபக்கம், நிக்கரகுவா பூமியதிர்ச்சியில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணம் கொண்டு போகையில் 1972 டிசம்பர் 31 இல் விமான விபத்தில் மரணித்த ரொபேர்ட்டோ கிளமென்டேயின் அட்டைகளை மக்கள் இன்றும் மரியாதையோடு தேடுகின்றார்கள்.

பணத்துக்காக அல்லாமல் சேர்த்தவர்களில் ஜெபர்சன் பேர்டிக் என்பவரைச் சொல்லாமல் விட முடியாது. டி206 என்று இலக்கமிட்டுப் பட்டியல் தயாரித்தவர் இவரே. கடும் மூட்டுவாதத்தால் அவதிப்பட்டபடியே, 30,000 க்கும் மேற்பட்ட பேஸ்போல் அட்டைகள் உட்படத் தன் சேகரிப்பு முழுவதையும் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் நூதனசாலைக்குக் கொடுத்து, அங்கேயே இருந்து அல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது. மார்ச்சில் காலமானார்.

மருமகனுக்கு நான் சொன்னது இதுதான். "மகன், நீ ரசிகனாக வாங்குவதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். வியாபாரமாகச் செய்வதென்றால் எத்தனை அச்சாகின்றதென்று கேள். நாளைக்கு உன்னிடம் வாங்குபவன் யாரென்று பெயர் சொல். இரண்டுக்கும் பதில் இல்லாவிட்டால் பிள்ளையின் படிப்புக் காசைத் தொடாதே. நான் பங்கு சேர மாட்டேன்." இரண்டு நாள் கோபத்தில் இருந்தார். பிறகு தன் கைச்செலவிலிருந்து 2,000 டொலருக்கு மட்டும் இளம் வீரர்களின் அட்டைகளை வாங்கினார்.

அந்த வருடம் கொரோனாவால் வீட்டில் முடங்கிய மக்கள் அட்டைக்குப் பாய்ந்திருந்தார்கள். குவிந்த அட்டைகளைச் சமாளிக்க முடியாமல் பிஎஸ்ஏ மார்ச்சில் தன் பெரும்பாலான சேவைகளை நிறுத்தி வைத்தது. கார் தரிப்பிடத்தில் நடந்த சண்டையின் பின் மே மாதம் டார்கெட் கடைகள் அட்டை விற்பதையே நிறுத்தின. 2022 இல் புதிய அட்டைகளின் விலை சரிந்தது. மருமகன் வாங்கியவற்றில் பெரும்பாலானவை பாதி விலைக்கும் போகவில்லை. மேலே சொன்ன கோடிக்கணக்கான விற்பனைகள் நடந்ததும் அதே வருடத்தில்தான்! மிகப் பழைய, மிக நல்ல சரக்கு ஏறியது. நேற்று அச்சடித்தது இறங்கியது.

அவருடைய மகள் 2023 இல் பல்கலைக்கழகம் சேர்ந்துவிட்டார். கட்டணம் அந்தச் சேமிப்பிலிருந்துதான் போகின்றது. ஜீட்டர் அல்பம் வீட்டில் இருக்கின்றது, விற்பனைக்கல்ல.