தலைநகரில் தற்காப்பு: கராத்தேயா, ஜூடோவா, சட்டமா?

புது தில்லி: கோடை விடுமுறைக் காலத்தில் தில்லியின் பள்ளி மைதானங்களில் ஒரு காட்சியைக் காணலாம். பெண் காவலர் ஒருவர் முன்னே நின்று செய்து காட்ட, மாணவிகளும் இல்லத்தரசிகளும், மணிக்கட்டைப் பற்றியவரின் பிடியிலிருந்து கையை விடுவித்துக் கொள்வது எப்படி என்று பழகிக் கொண்டிருப்பார்கள். தில்லி காவல் துறையின் பெண்கள், குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவு நடத்தும் இலவசத் தற்காப்புப் பயிற்சி முகாம் இது. வழக்கமாகப் பத்து நாள்கள் நடைபெறும்.

முகாம் முடிந்ததும் பயிற்சி பெற்ற பெண்ணுக்கும் அவரது பெற்றோருக்கும் ஒரே கேள்விதான் எழுகிறது. அடுத்து எதில் சேர்வது? கராத்தேயா, ஜூடோவா, தேக்வாண்டோவா அல்லது இஸ்ரேல் ராணுவத்தின் பெயரால் விளம்பரப்படுத்தப்படும் கிராவ் மகாவா? 2012 டிசம்பர் 16-ஆம் தேதி இரவு, ஓடும் பேருந்தில் 23 வயது மாணவி சிதைக்கப்பட்ட கொடூரத்துக்குப் பிறகு தலைநகரின் பல குடும்பங்களில் இக்கேள்வி எழுந்தது.

ஆனால், எந்தக் கலை சிறந்தது என்று கேட்பதற்கு முன்னால், எந்த ஆபத்தை எதிர்கொள்ள என்று கேட்பதே பொருத்தமானது.

ஒவ்வொன்றும் ஒரு விதம்

1882-இல் டோக்கியோவில் ஜிகோரோ கானோ உருவாக்கிய ஜூடோவில் குத்துக்கோ, உதைக்கோ முதன்மை இடம் இல்லை. எதிராளியைப் பிடித்து, அவரது சமநிலையைக் குலைத்துத் தரையில் வீழ்த்துவதே அதன் அடிப்படை. கீழே விழுந்தாலும் அடிபடாமல் விழும் முறையைத்தான் முதல் பாடமாகக் கற்பிக்கிறார்கள். இந்தியப் பெண்களுக்கு இது புதிதும் அல்ல. ரவீந்திரநாத் தாகூரின் அழைப்பை ஏற்று, 1929-இல் ஷின்ஸோ தகாகாகி என்ற ஜப்பானிய ஆசிரியர் சாந்திநிகேதனுக்கு வந்தார். அங்கு மாணவர்களுடன் மாணவிகளும் ஜூடோ பயின்றனர்.

கராத்தேயும் தேக்வாண்டோவும் பெரும்பாலும் எட்ட நின்று அடிக்கும் கலைகள். உடலுக்கு வேகத்தையும் மனத்துக்குத் துணிவையும் தருபவை. ஆனால், மாலை நேர மெட்ரோ ரயில் நெரிசலில் காலைத் தூக்கவே இடம் இருக்காது. 2000 முதல் ஒலிம்பிக்கில் முழுமையான போட்டியாக இடம்பெற்றுள்ள தேக்வாண்டோவில் முகத்தில் குத்தக் கூடாது என்பது விதி. தெருவில் தாக்குபவருக்கு அந்த விதி கிடையாது.

கிராவ் மகாவின் கதை வேறு. 1930-களில் பிராட்டிஸ்லாவா நகரில் யூதர்களைத் தாக்கிய பாசிச கும்பல்களை எதிர்கொண்ட இமி லிச்டென்ஃபெல்ட் என்ற மல்யுத்த வீரரின் அனுபவத்தில் இருந்து பிறந்தது அது. பிற்காலத்தில்தான் இஸ்ரேல் ராணுவத்துக்குச் சென்றது. கண், தொண்டை, தொடையிடுக்கு போன்ற மென்மையான இடங்களைத் தாக்கிவிட்டுத் தப்பி ஓடுவதே அதன் நோக்கம். தற்காப்புக்கென்றே உருவானது என்பது அதன் பலம். இரண்டு நாள் வகுப்பில் பார்த்த அசைவு, பதற்றமான நேரத்தில் கைக்கு வராது என்பது அதன் வரம்பு.

இந்த வரம்பு எல்லாக் கலைகளுக்கும் பொதுவானது. கலையின் பெயரைவிட, கற்பிக்கும் முறையே முக்கியம். பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை நேரில் பார்ப்பது நல்லது. பயிற்சித் தோழி உண்மையிலேயே பிடியை இறுக்குகிறாரா அல்லது ஒத்துழைத்து விழுகிறாரா? சுவரோடு சேர்த்து அழுத்தப்பட்டால், இருக்கையில் அமர்ந்திருக்கும்போது தாக்கப்பட்டால் என்ன செய்வது என்று சொல்லித் தருகிறார்களா? உரக்கக் கத்தவும், விலகி ஓடவும் பழக்குகிறார்களா? வாரம் இரு முறையாவது சென்று வரும் தொலைவில் பயிற்சிக்கூடம் இருக்கிறதா? இவற்றுக்கு ஆம் என்று விடை கிடைத்தால், அது ஜூடோவாக இருந்தாலும் குத்துச்சண்டையாக இருந்தாலும் பயன் தரும்.

கைப்பையில் ஆயுதம்

பயிற்சிக்கு நேரமில்லாதவர்கள் மிளகுத் தெளிப்பானை நாடுகிறார்கள். மூடிய இடத்தில் அது எப்படி வேலை செய்யும் என்பதை நாடே பார்த்திருக்கிறது. 2014 பிப்ரவரி 13-இல் தெலங்கானா மசோதாவை எதிர்த்து, மக்களவையில் எல். ராஜகோபால் என்ற உறுப்பினர் மிளகுத் தெளிப்பானைப் பயன்படுத்தினார். கட்சி வேறுபாடின்றி உறுப்பினர்கள் இருமியபடி வெளியேறினர். சிலர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பேருந்துக்குள்ளும் மின்தூக்கிக்குள்ளும் அதே நிலைதான். தெளித்தவரின் கண்ணும் எரியும்.

அதே 2014-இல், கான்பூரில் உள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலை, பெண்களுக்கென 'நிர்பீக்' என்ற கைத்துப்பாக்கியை அறிமுகப்படுத்தியது. எடை சுமார் 500 கிராம்; விலை ஒரு லட்சத்து 22 ஆயிரம் ரூபாய்க்கும் மேல். ஆயுத உரிமமும் தேவை. பேருந்துக்காகக் காத்திருக்கும் பெண்ணில் எத்தனை பேருக்கு இது எட்டும் என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது.

சட்டம் தரும் கவசம்

திருப்பித் தாக்கினால் தானே வழக்கில் சிக்க நேருமோ என்ற அச்சம் பலரிடம் உள்ளது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையை அங்கீகரிக்கின்றன. இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளின் தொடர்ச்சியே இவை. பாலியல் வன்கொடுமை, கடத்தல், அமில வீச்சு ஆகிய நோக்கங்களுடன் தாக்க வருபவருக்கு மரணமே விளைவித்தாலும், அது தற்காப்புரிமைக்கு உட்பட்டதாகலாம் என்கிறது 38-ஆவது பிரிவு. இதில் அமில வீச்சு, 2013 சட்டத் திருத்தத்தின் வாயிலாகச் சேர்க்கப்பட்டது.

அடி விழும் வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. ஆபத்து குறித்த நியாயமான அச்சம் எழுந்தவுடனேயே இந்த உரிமை தொடங்கிவிடுகிறது. தாக்கப்படுபவர், பதற்றத்துக்கு நடுவே தன் எதிர்ப்பைத் தராசில் நிறுத்துப் பார்க்க இயலாது என்பதை உச்ச நீதிமன்றமும் ஏற்றுள்ளது. அதேசமயம், தேவைக்கு மீறித் தீங்கு செய்ய உரிமை இல்லை. தாக்கியவர் விழுந்த பிறகும் அடிப்பது தற்காப்பு ஆகாது. தப்பிக்க வழி கிடைத்ததும் ஓடுவதுதான் பயிற்சியாளர்களின் அறிவுரை. சட்டத்தின் போக்கும் அதற்கு ஒத்ததே.

தெரிந்த முகங்கள்

தற்காப்பு வகுப்புகள் பெரும்பாலும் இருட்டுச் சந்தில் பாயும் அந்நியனை மனத்தில் வைத்தே நடத்தப்படுகின்றன. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுகள் காட்டும் படம் வேறு. நாட்டில் 2022-இல் பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகள் 31,516. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் அப்பெண்ணுக்கு ஏற்கெனவே அறிமுகமானவர். உறவினர், அண்டை வீட்டார், நண்பர், மேலதிகாரி என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. தெரிந்தவரின் முகத்தில் குத்துவதற்கு முன்னால், அவர் செய்வது தவறு என்று தனக்குத் தானே ஒப்புக்கொள்ளும் துணிவு தேவைப்படுகிறது.

இதற்கும் பயிற்சி உண்டு என்பதைக் கனடாவில் நடந்த ஆய்வு காட்டியது. மூன்று பல்கலைக்கழகங்களில் 893 மாணவிகள் பங்கேற்ற அந்த ஆய்வின் முடிவு 2015-இல் வெளியானது. ஆபத்தை முன்கூட்டி உணர்தல், தெரிந்தவரையும் மறுத்துப் பேசுதல், உடலால் எதிர்த்தல் ஆகியவை 12 மணி நேரத்தில் கற்பிக்கப்பட்டன. அடுத்த ஓராண்டில் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானோர், பயிற்சி பெற்றவர்களில் 5.2 சதவீதம், துண்டுப் பிரசுரங்கள் மட்டும் பெற்றவர்களில் 9.8 சதவீதம். ஏறக்குறைய பாதி.

வலிமைக்கும் எல்லை உண்டு

உடல் வலிமை எங்கே நின்றுவிடுகிறது என்பதைத் தில்லியின் ஜந்தர் மந்தர் 2023-இல் உணர்த்தியது. ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்திய மல்யுத்த வீராங்கனை சாக்ஷி மாலிக், ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற வினேஷ் போகாட் உள்ளிட்டோர் அங்கே தர்னாவில் அமர்ந்தனர். இந்திய மல்யுத்தக் கூட்டமைப்பின் அப்போதைய தலைவரும் பாஜக எம்.பி.யுமான பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது பாலியல் துன்புறுத்தல் புகார் எழுப்பினர். அவர் அதை மறுத்தார்.

எந்தப் பிடியிலிருந்தும் விடுபடத் தெரிந்த அந்த வீராங்கனைகளுக்கு, புகாரைப் பதிவு செய்ய வைப்பதே பெரும் போராட்டமானது. உச்ச நீதிமன்றத்தை அணுகிய பிறகே, ஏப்ரல் 28-இல் போலீஸார் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தனர். புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட மே 28 அன்று, அதை நோக்கிச் செல்ல முயன்ற வீராங்கனைகளைப் போலீஸார் அப்புறப்படுத்தினர். 2024 மே மாதம் தில்லி நீதிமன்றம் பிரிஜ் பூஷண் மீது குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தது. சிறார் ஒருவர் தொடர்பான தனி வழக்கு 2025 மே மாதம் முடித்து வைக்கப்பட்டது.

பதவியில் இருப்பவரை எதிர்கொள்ளக் கராத்தே உதவாது. அங்கே தேவைப்படும் தற்காப்பு வேறு வகையானது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம்; பாலியல் வன்கொடுமை போன்ற குற்றங்களில் புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் காவலர் மீதே வழக்குத் தொடரலாம்; பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் இடங்களில் உள்ளக் குழு கட்டாயம். தற்காப்பு வகுப்பில் இவையும் பாடமாக வேண்டும்.

அரசின் பங்கு

அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை பயிலும் மாணவிகளுக்கு, 'சமக்ர சிக்ஷா' திட்டத்தின் கீழ் மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி அளிக்கப்படுகிறது. இதற்காகப் பள்ளி ஒன்றுக்கு மாதம் 5,000 ரூபாய் என்ற அளவில் நிதி ஒதுக்கப்படுகிறது. வரவேற்கத்தக்க முயற்சி என்றாலும், மூன்று மாதத்துக்குப் பிறகு பயிற்சி தொடரவில்லை என்றால் சான்றிதழ் மட்டுமே மிஞ்சும்.

ஓடும் பேருந்தில் ஆறு பேருக்கு எதிராக எந்தக் கலையும் ஒரு பெண்ணைக் காப்பாற்றியிருக்க முடியாது என்பதையும் மறந்துவிடலாகாது. அந்தச் சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி ஜே.எஸ். வர்மா குழு, 2013 ஜனவரி 23-இல் அளித்த அறிக்கையில் குறைகூறியது பெண்களின் பலவீனத்தை அல்ல, நிர்வாகத்தின் தோல்வியையே. பெண் தன்னைக் காத்துக்கொள்ளக் கற்பது அவரது உரிமை. அதைக் காரணம் காட்டி, தெருவிளக்கையும் பேருந்தையும் காவல் நிலையத்தையும் சீர்செய்யும் பொறுப்பிலிருந்து அரசு விலகிக்கொள்ள முடியாது.