வீட்டில் ஓர் ஒலிப்பதிவுக்கூடம்: எந்தக் கணினி தகும்?

கொஸ்லந்தையிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் பாதையில், 220 மீற்றர் உயரத்திலிருந்து தியலுமை நீர்வீழ்ச்சி விழுகின்றது. அதன் இரைச்சலை நின்று கேட்டுச் செல்வோர் பலர். அதற்கு அப்பாலுள்ள தோட்டங்களில் மாசி மாதத்து இரவுகளில் காமன் கூத்துக்காக எழும் தப்பொலியைக் கேட்டவர் சிலரே. தீயிற் காய்ச்சி விறைப்பேற்றிய தப்பின் முதல் அடி மலையில் மோதித் திரும்பும்பொழுது, லயத்துக் குழந்தைகள் உறக்கம் கலைந்து எழுவதை நாம் கண்டிருக்கின்றோம்.

அத்தகைய இரவொன்றின் மறுநாள், நம்மிடம் பயிலும் மாணவன் ஒருவன் கையில் ஒரு கடைச்சீட்டுடன் வந்தான்.

“சேர், பாட்டு ரெக்கோர்ட் பண்ணி மிக்ஸ் பண்ணணும். நல்ல பவரான கம்ப்யூட்டரா வேணுமுங்க. கடைல இதத்தான் எழுதிக் குடுத்தாங்க.”

சீட்டைப் பார்த்தோம். நிறம் மாறி மாறி மின்னும் விளக்குகள் பொருத்திய பெட்டி. கணினி விளையாட்டுகளுக்கென்றே செய்யப்பட்ட பெரிய வரைகலை அட்டை. மொத்த விலையிற் பாதிக்கு மேல் அந்த அட்டைக்கே. ஒலிவாங்கிக்கு ஒரு சதமும் ஒதுக்கப்படவில்லை. பணம் எங்கிருந்து வருகின்றது என்று வினவினோம். அவன் சற்றுத் தயங்கி, “அம்மாவோட ஈ.பி.எப். காசு சேர்” என்றான். முப்பதாண்டுக் காலம் கொழுந்து பறித்த ஒரு தாயின் ஊழியர் சேமலாப நிதி அது. ஒருமுறை செலவழிந்தால் மீண்டும் வாராத பணம்.

அவன் பதிவு செய்ய விரும்பியது எதனை? எண்பது வயதைக் கடந்த அவனுடைய அப்பாயியின் தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும், தோட்டத்துத் தப்புக் குழுவின் அடிகளையும். ஆசை நியாயமானது. ஆகவே இரண்டு மாலைப்பொழுதுகள் அவனோடு அமர்ந்து கணக்குப் பார்த்தோம். அக்கணக்கையே இங்கு வாசகர்களுக்கும் தருகின்றோம்.

வீட்டில் இசைக்கூடம் அமைப்பது நமக்குப் புதிய சங்கதி அன்று. 1986ஆம் ஆண்டில் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ படத்தின் இசையில் இளையராஜா கணினியைப் பயன்படுத்தினார். ஏ. ஆர். ரகுமான் 1989ஆம் ஆண்டில் சென்னையிலுள்ள தம் வீட்டோடு சேர்த்துப் பஞ்சதன் என்னும் ஒலிப்பதிவுக்கூடத்தை நிறுவினார். 1992இல் ‘ரோஜா’ வந்தது. மற்றதைத் தமிழுலகம் அறியும். அண்மைக் காலத்தில், பில்லி ஐலிஷ் என்னும் அமெரிக்கப் பெண்ணும் அவருடைய தமையனும் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் தம் வீட்டுப் படுக்கையறையில் உருவாக்கிய இசைத்தொகுப்பு 2019இல் வெளிவந்து, மறு ஆண்டு சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. வானொலிக் காலத்தில் கொஸ்லந்தையான் ஒருவன் தன் குரலைப் பதிவு செய்ய வேண்டுமாயின் பெரகலை, பலாங்கொடை, இரத்தினபுரி எனப் பேருந்தேறிக் கொழும்புக்குச் செல்லல் வேண்டும். இன்று அதே வேலை ஒரு மேசையில் அடங்குகின்றது. எந்த மேசை, எந்தக் கணினி என்பதே கேள்வி.

முதலில் ஓர் உண்மையைத் தெளிதல் நன்று. ஒலியைப் பதிவு செய்வது கணினிக்குப் பளுவான வேலை அன்று. இன்று வழக்கிலுள்ள தரத்தில், அதாவது விநாடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரிக்கு 24 பிற் என்னும் அளவில், ஒரு ஒலித்தடம் நிமிடத்துக்கு ஏறத்தாழ எட்டரை மெகாபைற் இடத்தையே கொள்ளும். ஐந்து நிமிடப் பாடலொன்றை 24 தடங்களிற் பதிந்தாலும் ஒரு கிகாபைற் அளவே ஆகும். பத்தாண்டுப் பழைய கணினியும் இதனைத் தாங்கும். அப்பாயியின் பாட்டுக்கு ஒரு தடம் போதும். தப்புக் குழுவுக்கு நான்கு போதும்.

பளு எங்கே ஏறுகின்றது? கலவை செய்யும்பொழுது. ஒவ்வொரு தடத்துக்கும் ஒலிச் சீராக்கம், அழுத்தம், எதிரொலி என்று கருவிகளை அடுக்குவோம். அவற்றுள் உண்மையான மண்டபமொன்றின் எதிரொலியைக் கணித்துச் சேர்க்கும் கருவி பெருந்தீனிக்காரன். இங்கே செயலியின் திறன் தேவைப்படுகின்றது. ஆனால் எத்தகைய திறன்?

தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்தவர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். கொழுந்தை முதலில் வாட்டுவர், பின் அரைப்பர், பின் நொதிக்க விடுவர், கடைசியில் உலர்த்துவர். அரைக்காத கொழுந்தை உலர்த்த இயலாது. ஒரு தொகுதிக் கொழுந்து விரைவில் தேயிலையாக வேண்டுமாயின் ஒவ்வொரு இயந்திரமும் வேகமாக ஓட வேண்டும்; பத்து இயந்திர வரிசைகள் இருந்தும் அந்த ஒரு தொகுதிக்குப் பயனில்லை. பல தொகுதிகள் ஒன்றாக வந்து குவியும்பொழுதுதான் வரிசைகளின் எண்ணிக்கை கைகொடுக்கும். ஒலித்தடமும் அவ்வாறே. ஒரு தடத்தின் மீதுள்ள கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகவே இயங்கும். ஆதலால் செயலியின் கருக்கள் எத்தனை என்பதற்கு முன், ஒவ்வொரு கருவும் எவ்வளவு வேகமானது என்று பார்த்தல் வேண்டும். வேகமான ஆறு அல்லது எட்டுக் கருக்கள் வீட்டுக்கூடத்துக்கு மிகுதியே. விலையிற் பாதியை விழுங்கிய அந்த வரைகலை அட்டைக்கோ இங்கே வேலை அநேகமாக இல்லை.

அடுத்தது தாமதம். பாடுபவர் காதொலிப்பானில் தம் குரலைக் கேட்டுக்கொண்டே பாடுவர். கணினி ஒலியைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டியே கையாள்கின்றது. பொட்டலத்தில் 128 மாதிரிகள் இருப்பின் தாமதம் ஏறத்தாழ 2.7 மில்லிவிநாடி. ஒலி காற்றில் ஒரு மீற்றர் செல்ல ஏறத்தாழ 3 மில்லிவிநாடி பிடிக்குமாதலால், இது தப்புக்காரருக்கு ஒரு மீற்றர் அருகில் நிற்பது போன்றது. 1,024 மாதிரிகள் எனின் 21 மில்லிவிநாடி. ஏழு மீற்றர் தள்ளி நிற்பது போன்றது. ஒலி உட்புகவும் வெளிவரவும் ஆகும் நேரத்தைக் கூட்டினால் தூரம் மேலும் வளரும், தாளம் தடுமாறும். எனவே பதியும்பொழுது சிறு பொட்டலம், கலக்கும்பொழுது பெரும் பொட்டலம் என்று மாற்றிக்கொள்வது வழக்கம். சிறு பொட்டலத்திலும் ஒலி வெடிக்காமல் ஓடுமாயின் அதுவே வல்ல கணினி.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. விண்டோஸ் கணினியில் தாமதம் குறைவது, யூ.எஸ்.பி. வழியே இணைக்கும் ஒலி இடைமுகப் பெட்டியையும் அதற்குரிய ‘ஏசியோ’ இயக்கியையும் பெரிதும் சார்ந்தது. ஆயிரங்களை இலட்சமாக்கிக் கணினி வாங்கி, ஒலிவாங்கியை அதன் பக்கத்துத் துளையிலேயே செருகிப் பதிவு செய்வோரைக் கண்டு நாம் இரங்குவதுண்டு.

நினைவகம் 16 கிகாபைற் வேண்டும். வயலின் குழுவையும் மேளத்தையும் கணினிக்குள்ளேயே வாசிக்கச் செய்யும் ஒலிக்களஞ்சியங்களைப் பயன்படுத்துவோர் 32 என்று வைத்துக்கொள்ளலாம். பின்னர் கூட்டிக்கொள்ள இயலுமா என்பதைக் கடையிலேயே கேட்டறிக. நாம் ஒருகால் இதனைக் கேளாமல் வாங்கிய மடிக்கணினியின் நினைவகம் பலகையோடு ஒட்டவைக்கப்பட்டது என்பது வீட்டுக்கு வந்தபின்பே தெரிந்தது. இன்றும் அது நமது மேசையில் கடிதம் எழுதிக்கொண்டிருக்கின்றது.

அப்பிள் நிறுவனத்தின் கணினிகளிலும் நினைவகத்தைப் பின்னர் கூட்டுதல் இயலாது. 2020 நவம்பரில் வந்த எம்-1 செயலியிலிருந்து அவை இசைவேலைக்கு மிகச் சிறந்தனவாக விளங்குகின்றன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்தச் செயலியுடைய மக்புக் எயாரில் விசிறியே இல்லை. பாடுபவர் அருகிலேயே வைக்கலாம். கராஜ்பாண்ட் என்னும் மென்பொருள் இலவசமாக உடன்வரும். விலைதான் மலையேறி நிற்கின்றது.

பழைய கணினி வாங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவடைந்தது. விண்டோஸ் 11 ஏற்க வேண்டுமாயின் இன்டெல் செயலி பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாதல் வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறை அலுவலகக் கணினிகள் மலிவாகக் குவிந்திருப்பதன் காரணம் இதுவே.

மேசைக்கணினியா, மடிக்கணினியா? ஒரே விலையில் மேசைக்கணினியே வலியது. சூடேறினாலும் வேகம் தளராது. ஆயினும் ஊவா மலையில் ஐப்பசி இடிமழையை மறந்து எவரும் கணினி வாங்கலாகாது. மின்சாரம் பாட்டின் நடுவில் போகும். மடிக்கணினி மின்கலத்தில் தொடரும். கூத்து நடக்கும் களத்துக்கும் தூக்கிச் செல்லலாம். மாணவனுக்கு நாம் சொன்னது அதுவே: அலுவலகமொன்றிற் பயன்பட்டு வந்த பத்தாம் தலைமுறை மடிக்கணினி, 16 கிகாபைற் நினைவகம், திண்மநிலைச் சேமிப்பகம், இரு துளை இடைமுகப் பெட்டி, ஒலிவாங்கி இரண்டு. தப்பின் அடியைத் தாங்க ஷூர் எஸ்.எம்.57 போன்றதொன்று போதும். 1965இலிருந்து உலகெங்கும் மேளங்களின் முன் நிற்பது அது. மென்பொருளுக்கு ரீப்பர்: 60 நாள் இலவசமாகப் பழகலாம், தனியாளுக்கு உரிமம் 60 அமெரிக்க டொலர். கடைச்சீட்டின் தொகையில் பாதிக்கும் குறைவாகவே முடிந்தது. மிச்சம் தாயாரின் வங்கிப் புத்தகத்தில் இருக்கின்றது.

புறச் சேமிப்பகங்கள் இரண்டையும் வாங்கச் சொன்னோம். “ரெண்டு எதுக்கு சேர்?” என்றான். ஒன்று லயத்துக்கு, மற்றது பண்டாரவளையிலுள்ள மாமன் வீட்டுக்கு. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்கள் மண்ணுள் மறைந்தன. ஒரு வீட்டில் மட்டும் வைத்த பொருள் அவ்வீட்டோடு போகும் என்பதை இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. அவன் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

பங்குனியில் பதிவு நடந்தது. தகரக்கூரையின் இரைச்சலை அடக்கக் கம்பளிகளைக் கட்டி, மழை இல்லாத மாலையாகப் பார்த்து அப்பாயியை அமர்த்தினர். நாமும் சென்றிருந்தோம். முதற் பாட்டு முடிந்ததும் காதொலிப்பானை அவருக்கு மாட்டினான். கிழவி தம் குரலைத் தாமே கேட்டு வெகுநேரம் அசையாதிருந்தார்.

“என்ன அப்பாயி, நல்லாருக்கா?”

“நடுவுல ஒரு அடி விட்டுட்டேன்டா ராசா. திரும்பப் போடு அத.”