அரலியா இலையைத் திருப்பிப் பாருங்கள்

தம்புள்ளையில் விகாரை வளவுகளிலும் வீட்டு முற்றங்களிலும் அரலியா மரங்கள் நிற்கின்றன. இலை பழுதானதும் கிருமிநாசினியைத் தேடாமல், அதன் அடிப்பக்கத்தை முதலில் பார்ப்போம்.

வரட்சியில் முதிர்ந்த இலைகள் மஞ்சளாகி உதிர்வது மரத்தின் இயல்பு. அடியில் செம்மஞ்சள் தூள் இருந்தால் அது துருநோய். விழுந்த இலைகளைக் கூட்டி எரிக்க வேண்டும். பஞ்சுபோன்ற வெண்படை இருந்தால் மாவுப்பூச்சி.

2008இல் இலங்கையில் கண்டறியப்பட்ட பப்பாசி மாவுப்பூச்சி அரலியாவையும் தாக்கியது. அதை அடக்க 2009இல் விவசாயத் திணைக்களம் சிறு ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்தது. கிருமிநாசினி தெளித்தால், மெழுகுப் படைக்குள் பூச்சி தப்பிக்கொள்ளும். நமக்கு உதவும் குளவியே சாகும்.

இடம்பெயர்ந்து வந்து புதிதாகத் தோட்டம் செய்யும் நாம் இதை அசட்டை செய்யலாகாது. முற்றத்து மரத்துப் பூச்சி பப்பாசிக்கும் மரவள்ளிக்கும் தாவும். தாக்கிய கொப்புகளை வெட்டி எரியுங்கள். சந்தேகமெனில் ஓர் இலையுடன் கமநல சேவை நிலையத்துக்குச் செல்லுங்கள்.